பிள்ளைக்கும் ஒரு புரூவ் காட்டுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கலியாணக் காட், கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், 31ஆம் நாள் நினைவு மலர், பதாகை என்று வருவதையெல்லாம் அடிப்போம். இரவில் கடையை அடைத்த பிறகு அதே கணினியில் என் வீட்டைப் பற்றி எழுதி இணையத்தில் போடுவது பல வருடப் பழக்கம். மனைவி, மகள், மகன், மாமி, ஒரு நாய், சொல் கேட்காத ஒரு மோட்டார் சைக்கிள். இவ்வளவுதான் நான் எழுதும் உலகம். பகலில் அடுத்தவர் பிள்ளையை அச்சடிக்கிறவன், இரவில் தன் பிள்ளையை எழுதுகிறவன் என்ற இரண்டு தகுதியிலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் பத்திரிகைகளில் பிள்ளைகளின் படங்கள் வரிசை கட்டும். உங்கள் பத்திரிகையிலும்தான். படத்தின் கீழ் முழுப் பெயர், பாடசாலை, ஊர், புள்ளி, சில வேளை தாய் தகப்பனின் பெயரும் உத்தியோகமும். இதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. போடுமுன் அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. எதையும் மெஷினில் ஏற்றுமுன் புரூவ், அதாவது திருத்திப் பார்க்கும் மாதிரித் தாள், காட்டி, வந்தவரிடம் சரி என்று கையெழுத்து வாங்கவேண்டும். மாப்பிள்ளையின் தகப்பன் பெயரில் ஒரு கொம்பு விடுபட்டால் ஐந்நூறு காட்டும் எங்கள் தலையில்தான் விழும். இப்போது புரூவை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். ஆனாலும் அங்கிருந்து 'ஓகே' வராமல் ஒரு தாள் கூட ஓடாது. கோழித் தீவனக் கடை நோட்டீசுக்கும் இதே சட்டம்தான். ஒரு பிள்ளையின் முகத்தை எட்டடி அகலத்தில் அடிக்கும்போது மட்டும் புரூவ் தகப்பனுக்குப் போகிறது, ரியூசன் ஆசிரியருக்குப் போகிறது, காசு தருகிற விளையாட்டுக் கழகத்துக்குப் போகிறது. முகத்துக்குச் சொந்தக்காரருக்குப் போவதில்லை.

பெறுபேறு வெளியாகிற இரவே போன் அடிக்கத் தொடங்கிவிடும். ரியூசன் நிலையங்கள் ஒரே பதாகையில் முப்பது நாற்பது முகம் கேட்கும். புள்ளி கூடிய பிள்ளை பெரிய வட்டத்தில், மற்றப் பிள்ளைகள் சின்னச் சின்ன வட்டத்தில். எங்கள் டிசைன் பொடியன் முகங்களை வெட்டி ஒட்டும்போது பின்னால் நின்று பார்ப்பேன். எல்லாம் பத்து வயது. ஒரு பிள்ளையின் படத்தை ஏதோ குடும்பப் படத்திலிருந்து வெட்டி அனுப்பியிருந்தார்கள். தோளில் யாரோ ஒருவரின் விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. நீல நிறத்தை இழுத்து அந்த விரல்களை மறைத்தோம். உதட்டுக்குப் பக்கத்தில் இருந்த காயத்தின் தழும்பையும் எடுத்துவிடச் சொல்லி தகப்பன் குரல் செய்தி போட்டிருந்தார். எடுத்துவிட்டோம். காசுக்குச் செய்கிற வேலை, வேறென்ன செய்வது?

இந்தப் பரீட்சை யாருக்காக வந்ததென்று எல்லோருக்கும் தெரியும். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம், கிராமத்துப் பிள்ளைக்குப் பெரிய பாடசாலையில் ஓர் இடம். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. வெட்டுப்புள்ளிக்கு ஒன்று குறைந்த பிள்ளையும் அதே ஒழுங்கையில்தான் குடியிருக்கும், பாண் வாங்கப் போகும்போது பக்கத்து மதிலில் கட்டிய சிரிப்பைக் கடந்துதான் போகும். அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். பதாகையில் ஏறிய பிள்ளையைப் பற்றி யாரும் எழுதுவதாகக் காணோம், ஏனென்றால் அது வென்ற பிள்ளை.

கட்டுவதற்கு ஆள் இருக்கும், கழற்ற ஆள் இருக்காது. மாரி மழையில் நனைந்து, வெயிலில் வெளிறி, கச்சான் காற்று ஒரு மூலையைக் கிழிக்கும்வரை அது தொங்கும். அதற்குப் பிறகும் பிளெக்ஸ் வீணாவதில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்கு ஒரு வேலையாகப் போனபோது ஒரு வளவில் விறகுக் குவியலை மூடியிருந்தது எங்கள் கடையில் அடித்த பதாகை. நிறம் போன முகம், கீழே புள்ளி மட்டும் சிவப்பில் அழியாமல் நின்றது. நல்ல மைதான் போட்டிருக்கிறோம்! அந்தப் பொடியனுக்கு இப்போது மீசை அரும்பியிருக்கும்.

பிளெக்ஸ் ஒருநாள் கிழியும். இணையத்தில் போட்டது அப்படிக் கிழியாது. இதை எங்கள் தொழிலை வைத்தே சொல்லலாம். அச்சகத்தில் நாங்கள் இன்றைக்கும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறோம். அதன் உள்ளே இருப்பது ஆங்கில விசைகள், பார்வைக்குத்தான் தமிழ். ஒருவர் தமிழில் பெயரைத் தட்டித் தேடினால் அது அகப்படாது. இரவில் நான் எழுதுவதும் உங்கள் இணையப் பதிப்பில் வருவதும் யுனிகோட். அந்தப் பெயர் பத்து வருடம் கழித்தும் தேடியவுடன் வந்து நிற்கும். பிள்ளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வரும், கலியாணம் பேசும்போது வரும். பத்து வயதில் எடுத்த புள்ளி இருபத்தைந்து வயதில் ஒருவருக்கு முன்னால் ஏன் போய் நிற்கவேண்டும்?

பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். படத்துக்கு இந்தக் கரையில் இருக்கிற தவனம் எனக்குத் தெரியும். என் சொந்த ஊர் பாண்டிருப்பு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஒரு அல்பம் கூட மிஞ்சவில்லை. நான் அப்போது வேறொருவரின் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டையைக் கொண்டுவந்து, அதில் இருக்கிற முத்திரை அளவு படத்தைச் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெருப்பித்துத் தரச் சொல்வார்கள். பெருப்பித்தால் முகம் புள்ளி புள்ளியாக உடையும். அப்படித்தான் வரும் என்று சொன்னாலும் பரவாயில்லை, அடியுங்கள் என்பார்கள். பிள்ளைகளுக்கோ அடையாள அட்டையும் இல்லை. அப்படி ஓர் இழப்பைப் பார்த்த ஊரில் தகப்பன் ஒருவன் தன் பிள்ளையின் முகத்தை எட்டடியில் பார்க்க ஆசைப்பட்டால் அதில் எனக்குச் சிரிப்பு வராது. நான் வீட்டைப் பற்றி எழுதத் தொடங்கியதும் அந்த ஆசையில்தான். ஆனால் வைத்திருப்பது வேறு, ஊருக்குக் காட்டுவது வேறு. அல்பத்துக்குப் பிள்ளையின் சம்மதம் தேவையில்லை. சந்திக்குத் தேவை.

எங்கள் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். நான் இந்தப் பக்கத்து வழமைப்படி மனைவி வீட்டுக்கு வந்தவன். வீடு அவளுக்குச் சீதனமாக எழுதியது, பிள்ளைகளின் குடி என்கிற வம்சமும் தாய் வழியில்தான் போகிறது. ஆகவே நான் எழுதும் குடும்பக் கதையில் எனக்குச் சொந்தம் தட்டச்சு மட்டும்தான் என்பது மனைவியின் தீர்ப்பு. ராச்சாப்பாடு முடிந்து அவள் கோப்பை கழுவும் நேரத்தில் நான் எழுதியதை வாசிப்பேன். திரும்பிப் பார்க்காமலே "அது வேணாம்" என்பாள். அவள் வெட்டுவது பெரும்பாலும் காசு பற்றிய வரிகள், அவளுடைய தம்பி பற்றிய வரிகள். தம்பி பற்றியதெல்லாம் நல்ல வரிகளாக இருக்கும், அது வேறு கதை.

மாமி இதற்கு நேர் எதிர். "என்ட பேரப் போட்டே எழுதுங்க மனே, நான் என்ன களவா எடுத்தன்?" என்பார். அவருடைய பெயரை மட்டும் தாராளமாகப் போடுவேன். 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன இரவைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எழுதியதை வாசித்துவிட்டு, கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் போன் எடுத்து மாமியோடு வெகுநேரம் கதைத்தார். இரண்டு பேரும் ஒரே கிணற்றடியில் ஒதுங்கியவர்களாம்.

மகள் தரம் பத்தில் படிக்கிறாள். தன்னைப் பற்றி ஒரு வரி வந்தாலும் முதலில் தனக்குக் காட்டவேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. ஒரு தடவை நல்ல சம்பவம் ஒன்றை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்தாள், சிரித்தாள், "இது என்ட கதை அப்பா, உங்களுக்குத் தரமாட்டன்" என்று போனைத் திருப்பித் தந்தாள். அவ்வளவுதான், அந்தக் கதை போயிற்று. இந்தக் கடிதத்தையும் வாசித்தாள். அவளைப் பற்றி இன்னும் இரண்டு வரி இருந்தது, இப்போது இல்லை.

மகன் புலமைப்பரிசில் எழுதினான். வெட்டுப்புள்ளிக்கு மேலா கீழா என்று சொல்லமாட்டேன். போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறான். அச்சகக்காரன் வீட்டு மதிலிலேயே பதாகை இல்லையென்றால் ஊர் என்ன முடிவுக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். வரட்டும்.

இப்படி ஆளுக்காள் வெட்டினால் எழுத என்ன மிஞ்சும் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நிறைய மிஞ்சுகிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு வீடு கழுவுகிற அமளி, 2011 ஜனவரி வெள்ளத்தில் நெல் மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு நாங்கள் வாங்கில் படுத்தது, தயிர்ச் சட்டியை யார் வழிப்பது என்ற சண்டை. பிள்ளையின் முகமும் பெயரும் இல்லாமல் எழுதப் பழகியபிறகு கண் மற்றப் பக்கம் போகிறது. பிள்ளையை வைத்துக் கைதட்டல் வாங்குவது சுலபம், அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறோம்.

ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு வருடா வருடம் எங்களுக்கும் வேலை வரும். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்று உறுதிசெய்தது. தன்னைப் பாதிக்கிற விடயத்தில் பிள்ளை தன் எண்ணத்தைச் சொல்லலாம், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதை மதிக்கவேண்டும் என்கிறது 12ஆம் உறுப்புரை. பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது 16ஆவது. இவற்றை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அடித்துத் தெரிந்துகொண்டேன். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பெரிதாகப் போட்டுச் சுவரொட்டியும் அடித்திருக்கிறோம். முன்பின் தெரியாதவர்களிடம் விபரம் கொடுக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லுகிற ஊர், அடுத்த ரோலில் அதே பிள்ளையின் பெயரையும் பாடசாலையையும் ஊரையும் முகத்தோடு சேர்த்துச் சந்தியில் கட்டுகிறது. பெண்பிள்ளை பெரியவளானதற்குக் கட்டும் சாமத்திய வீட்டுப் பதாகைகளைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

கடந்த பெறுபேற்றுக் காலத்தில் கடையில் ஒரு ஒழுங்கு வைத்தேன். பிள்ளையைக் கூட்டிவாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளையின் குரலில் 'சரி' என்று ஒரு செய்தி அனுப்புங்கள், அதற்குப் பிறகுதான் அடிப்போம். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். வந்த பிள்ளைகள் எல்லாம் மறுத்ததாக நினைக்கவேண்டாம். ஒருவன் கணினித் திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பெரிசா அடிங்க மாமா, சந்தியில இருந்து தெரியணும்" என்றான். அவனுக்கு ஆசை தீர அடித்துக் கொடுத்தேன். ஒரு சின்னவள் மட்டும் புள்ளி போடவேண்டாம், பெயர் மட்டும் போதும் என்றாள். "புள்ளி இல்லாம பெனர் எதுக்கு?" என்றார் தகப்பன். "அப்ப பெனரே வேணாம்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். எனக்கு அந்த ஓடர் போயிற்று.

உங்களிடம் கேட்பது இதுதான். படங்களை அனுப்பச் சொல்லி நீங்கள் விடும் அறிவித்தலில் ஒரு வரி கூட்டுங்கள்: பிள்ளையின் சம்மதத்தைப் பிள்ளையே தன் கையால் எழுதி அனுப்பவேண்டும். பெயரும் படமும் போதும், பாடசாலையையும் ஊரையும் பெற்றோர் விபரத்தையும் ஒன்றாகக் கட்டவேண்டாம். இணையப் பதிப்பில் புள்ளியை விட்டுவிடுங்கள். பின்னொரு நாள் அந்தப் பிள்ளை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுங்கள். நீங்கள் தொடங்கினால் மற்றக் கடைக்காரர்களிடமும் ரியூசன் நிலையங்களிடமும் பத்திரிகையே கேட்கிறது என்று நான் சொல்லலாம். இப்போது சொன்னால் என் வியாபாரப் பைத்தியம் என்கிறார்கள்.

என் பெயரை வெளியிடவேண்டாம். என்னைத் தெரிந்தால் மகனைத் தெரிந்துவிடும். பெயரும் முகவரியும் உங்கள் பார்வைக்கு மட்டும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். சம்மதப் படிவம் அடிக்க ஆள் தேவையென்றால் காசு வாங்காமல் செய்து தருகிறேன். பாமினியிலா யுனிகோட்டிலா என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரன்,
களுவாஞ்சிகுடி.