பர்னிங் ஸ்பியர் பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். ஞாயிறு இணைப்புல ஜமைக்காவோட ரெகே இசை பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பாப் மார்லியோட முடிச்சிட்டீங்க, இன்னொரு பெரிய ரெகே பாடகர் பர்னிங் ஸ்பியர் பேரே வரல, மனசு கேக்கல அதான் எழுதறேன்.

ஜமைக்கால செயின்ட் ஆன்ஸ் பேங்கற ஊர்ல 1945ல பிறந்தவர், நிஜப்பேர் வின்ஸ்டன் ராட்னி. கறுப்பின மக்களுக்காகப் போராடின மார்க்கஸ் கார்வி பிறந்ததும் அதே ஊர்தான். 1969ல மார்லி சொல்லித்தான் கிங்ஸ்டன்ல ஸ்டூடியோ ஒன்ங்கற ரெக்கார்டிங் ஸ்டூடியோ வாசலுக்கே போனார். 1975ல கார்வி பேரையே வச்சு ஒரு ஆல்பம் போட்டார், அதுல அடிமைக் காலம் ஞாபகம் இருக்கான்னு கேக்கற பாட்டு ஒண்ணு இருக்கு, கத்த மாட்டார் கோபப்பட மாட்டார், பேஸ் கிட்டார் மெதுவா நடக்க பின்னாடி ஹார்ன் ஊத, வீட்டுப் பெரியவர் திண்ணைல உக்காந்து கேக்கற மாதிரி திரும்பத் திரும்ப அதையே கேப்பார், எனக்கு இன்னைக்கும் தொண்டை அடைச்சிடும்.

அப்புறம் 2 தடவ கிராமி இசை விருது வாங்கினார், பாட்டு வெளியிட சொந்த லேபிள் ஆரம்பிச்சார், ஆனா கார்வியப் பாடறத மட்டும் விடவே இல்ல. அவருக்குன்னு தனியா ஒரு பக்கம் ஒதுக்குங்க சார், ரொம்ப சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்