எங்கள் கோட்டைக்குப் பூச்சு, கேட்டா கோட்டைக்கு?

டென்மார்க் பண்பாட்டு அமைச்சகத்துக்கும், கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்துக்கும்,

வணக்கம்.

நான் தரங்கம்பாடிக்காரன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டேனிஷ் கோட்டைப் பக்கம் சுண்டல் பொட்டலத்தோடு கடலைப் பார்த்து உட்காரும் கூட்டத்தில் நானும் ஒருவன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு உங்கள் ஆட்கள் கட்டிய கோட்டை. அதைச் சீர்செய்ய உங்கள் ஊர் ஆர்வலர்கள் உதவினார்கள். ஆளுநர் மாளிகை புதுப்பிக்கப்பட்டதில் உங்கள் அருங்காட்சியகத்துக்கும் பங்கு உண்டு. அதற்கு நன்றி. எழுதவந்தது வேறு கோட்டையைப் பற்றி.

கானாவின் கிழக்குக் கடற்கரையில் கேட்டா என்றொரு ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் மணல் திட்டு. அங்கே அன்லோ மக்களோடு நடந்த போருக்குப் பின், 1784இல் நீங்கள் எழுப்பியது பிரின்சென்ஸ்டீன் கோட்டை. பிடித்துவந்த மனிதர்களைக் கப்பல் வரும்வரை அதற்குள்தான் பூட்டிவைத்தீர்கள். யுனெஸ்கோ 1979இல் கானாவின் கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக்கியபோது இதுவும் அதில் இருந்தது. அடுத்த வருடமே, 1980இல், கோட்டையின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதுவரை அது சிறைச்சாலை! 1965இல் அகோசொம்போ அணை எழுந்த பிறகு வோல்டா ஆற்று மணல் கரைக்கு வருவது குறைந்து, முன்பே இருந்த அரிப்பு கூடியது. கானா கருங்கல் கொட்டித் தடுப்பு போட்டதால் மிச்சம் நிற்கிறது: சில அறைகள், கூரையில்லாத சுவர்கள்.

கடலரிப்பை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். இங்கே மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை விழுங்கியதைப் பார்த்த ஊர் இது.

கேட்டாவைப் பற்றி நான் ஏன் பேசுகிறேன்? சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்த துணி தரங்கம்பாடியில் கப்பலேறிக் கோபன்ஹேகன் போனது. அதில் ஒரு பங்கு அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போய் ஆட்களை வாங்கும் விலையானது. அப்படி வாங்கிய லட்சம் பேர் அளவில் உங்கள் கொடி பறந்த கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள். கரீபியக் கடலில் உங்கள் வசமிருந்த செயின்ட் குரோய் தீவின் கரும்புத் தோட்டத்தில் அடிவாங்கியவர்களின் விலைக்கணக்கில் எங்கள் பாட்டன் பூட்டன் நெய்த முழங்களும் உண்டு. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

அடிமை வணிகத்தை முதலில் தடைசெய்த ஐரோப்பிய நாடு என்று பெருமையாகச் சொல்வீர்கள். ஆணை 1792இல் வந்தது உண்மை. அது நடைமுறைக்கு வந்தது 1803இல். இடைப்பட்ட பத்து வருடத்தில், சரக்கு தீர்ந்துவிடுமே என்று தோட்டக்காரர்களுக்கு அரசே கடன் கொடுத்து ஆள் வாங்கவைத்தது. இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். அக்ரா பக்கம் சேசெமியில், உங்கள் பழைய தோட்டம் ஒன்றைத் தோண்டியெடுத்துச் சீர்செய்தீர்கள். 2017இல் மேற்கிந்தியத் தீவு ஆவணங்களை லட்சக்கணக்கான பக்கங்களாக இணையத்தில் ஏற்றினீர்கள். ஆனால் காகிதத்தைக் குளிர்பதன அறையில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். கேட்டாவின் சுவர் உப்புக்காற்றில் நிற்கிறது.

எனவே, கானாவின் அருங்காட்சியக, நினைவுச்சின்ன வாரியத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். எது முதலில், எப்படி என்பதை அவர்களும் கேட்டா மக்களும் முடிவுசெய்யட்டும். பணத்தில் பெரும்பங்கு உங்களுடையதாக இருக்கட்டும். நிற்கும் ஒவ்வொரு சுவரையும் அடுத்த புயலுக்கு முன் அளந்து, முப்பரிமாணத்தில் பதிவுசெய்யுங்கள். மேலே வெள்ளைப் பூச்சு பூசி அழகாக்கிவிடாதீர்கள். அது உல்லாசப் பயணிகள் படம் எடுப்பதற்கென்று கட்டிய இடமில்லை.

நம் தொல்லியல் துறைக்கும் ஒரு வார்த்தை. எங்கள் கோட்டை அருங்காட்சியகத்தில் பீங்கான், நாணயம், பழைய பத்திரம் எல்லாம் பார்த்தேன். கேட்டா என்ற பெயர் என் கண்ணில் படவில்லை. துணி எங்கே போனது என்று தமிழில் நாலு வரி எழுதி ஒரு பலகை வையுங்கள். எழுதித்தர ஆள் வேண்டுமென்றால், நான் உள்ளூரில்தான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தரங்கம்பாடிக்காரன் ஒருவன்