சாவிக்காரனுக்கு ஒரு வாக்குமூலம்

அன்புள்ள சாவிக்காரா,

பதினான்கு மாதங்கள். நானே எண்ணிவிட்டேன், நீ விரல் மடக்க வேண்டாம். பதில் எழுதாததற்கு மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். மூன்றும் பொய் என்று நீ கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் விட்டுவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். முழங்கால் வலியும் நலமாகவே இருக்கிறது. நெட்டையன் ஓய்வு பெற்றுவிட்டான். என் புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்பவர்களுக்கு, நடுவில் ஆசிரியர் இல்லாமல், ஒருவருக்கொருவர் சான்றுக் கையெழுத்துப் போட்டு எடை கூட்டிக்கொள்ளும் உன் மையமில்லாத வலைப்பின்னலில் நான் ஒருவனுக்குக் கையெழுத்துப் போட்டேன். போன வாரம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதிலிருந்து மனம் சரியில்லை.

என் பழைய மாணவனை நினைவிருக்கும். கேள்வி கேட்டே உன்னை மேடையிலிருந்து இறக்கியவன். அவன்தான். நம்பகமான மதிப்பாய்வாளன் என்று மிக உயர்ந்த படியில் சான்று கொடுத்தேன். முதல் நான்கு கட்டுரைகளை அவன் அலசியிருந்த விதத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. ஐந்தாவதை வானளாவப் புகழ்ந்திருந்தான். அந்தக் கட்டுரையைப் பிரித்தால், அட்டவணை இரண்டில் இருக்கும் எண்களே அட்டவணை ஐந்திலும் வரிசை மாறாமல் உட்கார்ந்திருக்கின்றன. எழுதியவர் யார் என்று விசாரித்தேன். அவனுடைய மைத்துனர்! அவரை வலைக்குள் கொண்டுவந்ததும் இவனே. அவர் பதிலுக்கு இவனுடைய கட்டுரைகள் இரண்டைத் தூக்கி வைத்திருக்கிறார். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு வேலியும் சாட்சி சொல்லியிருக்கிறது.

பழைய முறையில் மட்டும் நடக்கவில்லையா என்று நீ சீறுவது கேட்கிறது. நடந்தது. 2014இல் அதிர்வியல் இதழ் ஒன்று 60 கட்டுரைகளை ஒரேயடியாகத் திரும்பப் பெற்றதே, போலி முகவரிகளை வைத்துக்கொண்டு மதிப்பாய்வு செய்த கூட்டத்தால். நடுவில் ஆசிரியர் என்று ஒருவர் இருந்தும் என்ன பயன்? அதனால்தான் உன் கட்சிக்கு வந்தேன். மையத்தில் சரிபார்க்க ஆள் இல்லாவிட்டால் ஒருவனே நூறு பேராக வேடமிடுவதை நடைமுறையில் முற்றாகத் தடுக்க முடியாது என்று 2002இல் சிபில் தாக்குதல் என்ற இந்த வேடத்தைப் பற்றிய கட்டுரை காட்டிவிட்டதையும், அதற்கு முன்பே, 1999இல், ராஃப் லெவியன் அட்வகேட்டோ என்ற தன் நிரலாளர் வலைத்தளத்தில் அதற்குப் போட்ட அணையையும் ஓர் இரவு முழுக்கத் தூங்கவிடாமல் எனக்கு விளக்கினாய். நம்பிக்கையைத் தண்ணீராக நினைத்துக்கொள் என்றாய். ஊற்று சில நல்லவர்களிடம். ஒவ்வொருவரும் வாங்கிக் கடத்தும் அளவுக்கு வரம்பு உண்டு. ஆகவே வெளியே பத்தாயிரம் போலிகள் நின்றாலும் திறந்த மதகுகளின் அகலத்துக்கு மேல் உள்ளே வர முடியாது. அதில் மனிதர்களை மூன்றாகப் பிரித்திருந்தது எனக்குப் பிடித்தது. நல்லவர், தீயவர், குழம்பியவர். தீயவருக்குச் சான்று கொடுத்துவிட்ட அப்பாவிதான் குழம்பியவர். அன்று வாத்தியாரை அந்த வகையில் உட்காரவைத்து இருவரும் சிரித்தோம். இப்போது அந்த நாற்காலியில் நான்.

சரி, மதகை மூடினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காலையில் பார்த்தால், மாணவனோடு இன்னும் மூவர் பட்டியலிலிருந்து சரிந்திருந்தார்கள். மைத்துனருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் நான் அழப்போவதில்லை. மூன்றாமவர் ஒரு பெண், புள்ளியியல் கற்பிப்பவர். உள்ளே வர அவருக்கு இருந்த ஒரே வழி என் மாணவன். சரிந்துவிட்டாரே என்ற உறுத்தலில் அவர் எழுதியவற்றை முதன்முறையாக எடுத்துப் படித்தேன். அந்த அட்டவணை இரண்டையும் ஐந்தையும் அவர் மூன்று வாரங்களுக்கு முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறார்! நாலே வரி. மரியாதையான, தயக்கமான நாலு வரி. மாணவனின் எடைக்கு முன்னால் அவருடைய எடை எம்மாத்திரம்? புகழுரை மேலே மிதந்தது, எச்சரிக்கை அடியில் கிடந்தது. இப்போது நான் யோக்கியனாக நடந்துகொண்டதில் அந்த நாலு வரியும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

இதை என்னால் விழுங்க முடியவில்லை. உன் கணக்கு ஒன்றும் தவறவில்லை, சொன்னதைத்தான் செய்தது. நான் சொன்னதுதான் வேறு. "இவன் கெட்டிக்காரன்" என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். இவன் யாரை நல்லவர் என்கிறானோ அவரும் நல்லவர் என்று உன் இயந்திரம் படித்துக்கொண்டது. 1991இல் ஜிம்மர்மன் தொடங்கிவைத்த பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளின் நம்பிக்கை வலையில் இந்த இரண்டும் தனித்தனி அல்லவா? இந்த மறையாக்கச் சாவி இன்னாருடையது என்ற கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். பிறர் சாவியைச் சரிபார்ப்பதில் அவர் எவ்வளவு கவனமானவர் என்ற என் கருத்து என் கணினியை விட்டு வெளியே போவதில்லை. மாநாடு மாநாடாக அடையாள அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து இந்தப் பட்டப்பெயரைச் சம்பாதித்தவன் நீ, உனக்கு நான் பாடம் எடுக்கிறேன்! ஆனாலும் கேட்கிறேன்: இரண்டையும் ஏன் ஒரே எண்ணாக உருக்கி ஊரறிய ஏற்றிவைத்தாய்?

இன்னொன்று. 1936இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று எழுதிய கட்டுரையை பிசிகல் ரிவ்யூ இதழ் பெயர் சொல்லாத ஒருவருக்கு அனுப்ப, அவர் பிழை கண்டார். ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிறகு முடிவை மாற்றி வேறோர் இதழில் வெளியிட்டார். அந்த ஆள் ராபர்ட்சன் என்ற இயற்பியலாளர் என்று உறுதியானதே 2005இல்தான். உன் வலையில் எல்லாமே கையொப்பமிட்டவை. ஐன்ஸ்டைனின் எடை உள்ள ஒருவருக்கு "தவறு" என்று எழுதி யார் பெயர் போடுவார்? அந்தப் பெண் போட்டார், கிடைத்த பலனைத்தான் பார்த்தோமே.

அவருக்கு நேரடியாகச் சான்று கொடுத்துவிட்டேன். முகம் தெரியாது, குரல் தெரியாது, ஏழு மதிப்பாய்வுகளைப் படித்தேன், அவ்வளவுதான். குறிப்பில் "புள்ளியியலுக்கு மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். உன் நிரல் குறிப்பைப் படிக்காது என்று தெரியும், நீயாவது படி. அந்த ஏழையும் இதோடு அனுப்புகிறேன். படித்துப் பார்த்து உனக்கே தோன்றினால் கையெழுத்துப் போடு. நான் சொன்னதற்காகப் போட்டால் மறுபடி என்மேல்தான் வந்து விழும்.

மாணவன் இரண்டு முறை அழைத்தான். எடுக்கவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவனுக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோதிலிருந்து தெரியும். நாளை நானே அழைக்கிறேன்.

அன்புடன்,
குழம்பியவன்

பின்குறிப்பு: நெட்டையனுக்கு நீ மிக உயர்ந்த சான்று கொடுத்திருப்பதைப் பார்த்தேன். என் புத்தகம் வரும் வரையிலாவது ஒரு படி இறக்கி வை.