ரூபாய்க்கு எத்தனை சேர்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

ஆய்வேட்டுத் தலைப்பைத் துறையில் ஒப்புக்கொண்டார்கள் என்று போனில் சொன்னாய். 'தாது வருடப் பஞ்சமும் சேலம் மாவட்டமும், 1876-78'. நல்ல தலைப்புதான், ஆனால் எம்.ஏ.வுக்கு அது மூன்று ஆள் சுமை. மாவட்டம் முழுக்க வேண்டாம், ஒரு தாலுகா போதும். பஞ்சம் முழுக்க வேண்டாம், தானிய விலையோ நிவாரண வேலைக் கூலியோ ஏதாவது ஒன்று. நெறியாளரிடம் பேசித் துணைத்தலைப்பிலாவது சுருக்கிக்கொள். உன் கேள்வியைக் கேள்விக்குறியோடு ஒரே வாக்கியத்தில் எழுத வராதவரை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவது வீண் அலைச்சல்.

போகும்போது துறைத் தலைவரின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை நகல், போட்டோ எல்லாம் இருக்கட்டும். பேனாவை அறையிலேயே வைத்துவிட்டுப் பென்சில் கொண்டு போ. ஆவணக் கட்டைக் கேட்பதற்கு முன்னால் இன்டெக்ஸில் உட்கார். 1876, 1877, 1878 மூன்றுக்கும் வருவாய்த் துறை, வருவாய் வாரியம் இரண்டிலும் தேடு. இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை. ஊர்ப் பெயரை இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் பாதி நழுவிவிடும். திருச்செங்கோடு அங்கே 'ட்ரிச்சென்கோடு', கிருஷ்ணகிரி 'கிஸ்ட்னகெரி'. கட்டு மேஜைக்கு வர நேரமாகும் என்பதால் கேட்புச் சீட்டைக் காலையிலேயே கொடுத்துவிடு. தாளின் ஓரம் அப்பளமாய் உதிரும், இரண்டு கையாலும் தாங்கித்தான் புரட்ட வேண்டும். நொறுங்குகிற நிலையில் இருக்கிறது, தர முடியாது என்று ஒரு கட்டைத் திருப்பி அனுப்பினால் மனம் தளராதே. கலெக்டர் எழுதிய கடிதம் வாரியத்துக்குப் போகும், வாரியம் தன் குறிப்பைச் சேர்த்து அரசாங்கத்துக்கு அனுப்பும். ஆகவே அதே கடிதத்தின் நகல் மாவட்டப் பதிவேட்டிலோ, வாரிய நடவடிக்கையிலோ, அரசாணையிலோ கிடைக்க வாய்ப்புண்டு. நல்லபடியாகக் கிடைத்தாலும் மற்ற இரண்டையும் பார்த்துவிடு. ஒவ்வொரு படியிலும் என்ன வெட்டினார்கள் என்பதே உனக்கு ஒரு அத்தியாயம்.

குறிப்பு எடுக்கும் சீட்டின் தலையில் துறை, எண், தேதி, பக்கம் நான்கையும் முதலில் எழுது, விஷயம் அப்புறம். போட்டோவுக்கு அனுமதி கிடைத்தால் கட்டின் முகப்புப் பக்கத்தை எடுத்த பிறகே உள்பக்கம்.

தேதியில் வழுக்கி விழுபவர்கள் அதிகம். வருவாய்க் கணக்கு பசலி என்ற வருவாய் ஆண்டில் ஓடும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், தொடங்குவது ஜூலை 1. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. தாது வருடமோ 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிகிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அட்டவணை போட்டு மேஜையில் ஒட்டிக்கொள்.

இனி விலைப் பட்டியல். இன்று நாம் கிலோ இத்தனை ரூபாய் என்கிறோம். அன்று ரூபாய்க்கு இத்தனை சேர் என்று எழுதினார்கள், சேர் என்பது பழைய எடை அளவு. எண் இறங்கினால் விலை ஏறுகிறது என்று பொருள். அப்படியே வரைபடம் போட்டால் பஞ்சக் காலத்தில் விலை சரிந்ததாகத் தெரியும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். சேரும் ஒரே சேர் இல்லை. தோலா அதைவிடச் சின்ன எடை. 80 தோலா சேர் ஏறக்குறைய 933 கிராம், மதராஸ் சேர் 24 தோலா, அதாவது 280 கிராம் சுமார். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். பத்தியின் தலைப்பில் எத்தனை தோலா என்று பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படிக்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதே. பணமும் அப்படியே. 3-8-6 என்பது 3 ரூபாய் 8 அணா 6 பை. 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. எக்செல்லில் 3.86 என்று அடித்துவிடாதே, அது 3.53. ரூபாய், அணா, பை மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்து, எல்லாவற்றையும் பையாக்கி 192-ஆல் வகு.

கூலியை எடுப்பதானால் 1877 தொடக்கத்தில் இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து குறைத்ததுதான் மையம்: நிவாரண வேலையில் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும். 1 பவுண்டு என்பது 454 கிராம்தான். சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். இருவர் எழுதியதையும் தேதி வரிசையில் அடுக்கிப் படி. ஒருவர் செலவைப் பார்க்கிறார், மற்றவர் உடம்பைப் பார்க்கிறார். இரண்டுமே அரசாங்கக் குரல் என்பதையும் மறக்காதே. வேலை செய்தவன் குரல் இந்தக் கட்டுகளில் அநேகமாக இல்லை. பஞ்சத்தைப் பாடிய கும்மிகளைத் தேடு, ஆனால் அச்சேறிய ஆண்டைப் பார்த்துக்கொள். 'சுதேசமித்திரன்' பத்திரிகையைத் தேடி நாளைக் கடத்தாதே. அது 1882-ல்தான் தொடங்கியது.

சாவுக் கணக்கில் மட்டும் மிகவும் நிதானம் வேண்டும். 1871 குடிக்கணக்கில் சேலம் மாவட்டத்தில் சுமார் 19.7 லட்சம் பேர், 1881-ல் சுமார் 16 லட்சம். கழித்துவிட்டு இத்தனை பேர் பஞ்சத்தில் செத்தார்கள் என்று எழுதக் கை துறுதுறுக்கும். அந்த வித்தியாசத்துக்குள் பிறக்காமல் போன குழந்தைகள் இருக்கிறார்கள், இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு ஊர்களுக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். கிராமச் சாவுப் பதிவை எடுத்தால் அது குறைத்துச் சொல்லும், ஏனென்றால் வழியில் விழுந்தவனை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது? எழுத வேண்டியவனும் பசியில் இருந்தான். இரண்டு எண்ணையும் போட்டு, எது எதனால் போதாது என்று ஒரு பத்தி எழுது. இன்னொன்று: அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல், திருப்பத்தூர்ப் பக்கங்களும் அடக்கம். இன்றைய வரைபடத்தைப் பின்னணியில் போட்டால் கணக்கு ஒட்டாது.

முன்னுரையைக் கடைசியில் எழுது. விலை அத்தியாயம் கையில் இருக்கும் சீட்டுகளோடு இந்த மாதமே தொடங்கலாம். முதல் அட்டவணை தயாரானதும் அனுப்பு, மூலத்தின் போட்டோவையும் சேர்த்து. பையாக்கியது சரியா என்று இங்கே ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். அம்மா எள்ளுருண்டை கொடுத்தனுப்புகிறாள். வாசிப்பு அறைக்குள் கொண்டுபோய்விடாதே.

அன்புடன்,
அப்பா