உள்சாலைச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் வளாகத்தின் உள்சாலைப் பணி வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கும் ரசீதுகளின் நகலும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. மாலை வேளையில் வந்து பார்க்கலாம். தொகைகளை இங்கே அடுக்கப் போவதில்லை. பணம் ஏன் அந்தந்த இடத்துக்குப் போனது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. "நாலு பள்ளத்தை அடைக்க இவ்வளவு செலவா? நல்லா இருந்த இடத்தையெல்லாம் ஏன் கொத்தினீங்க?" என்று பொதுக்குழுவில் கேட்டவர்கள் பலர். அவர்களில் அநேகம் பேர் காரில் போய்வருகிறவர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, காரில் உட்கார்ந்தால் நம் சாலை நல்ல சாலையாகத்தான் இருந்தது.

பள்ளம் கண்ணுக்குத் தெரியும். தினமும் போகிற வழியென்றால் எங்கே ஒதுங்க வேண்டும் என்று கைக்கே பழகிவிடும். டூவீலரைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் பிடிமானம் திடீரென்று மாறுகிற இடம். ஒரு சக்கரம் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுக்குத்தான். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ அந்த இடத்தில் எம்-சாண்ட் எனும் செயற்கை மணலோ ஈர இரும்போ இருந்துவிட்டால் முன் சக்கரம் வழுக்கும். முன் சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றக்கூட அவகாசம் இருக்காது. அதே இடத்தைக் கார் தாண்டிப் போய்விடும், ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது.

இதனால்தான் வேலைப் பட்டியல் போடுவதற்கு முன் குழுவினர் மேஸ்திரியையும் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் சுற்றிவந்தோம். அவர் முதலில் கை காட்டியது எந்தப் பள்ளத்தையும் அல்ல, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே வளைவிலேயே இருக்கும் பாதாள சாக்கடை மூடியை. முன்பு தார் போட்டபோது மூடியை உயர்த்தாமல் சுற்றிலும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மட்டக்கோலைக் குறுக்கே வைத்து அடியில் விரலை விட்டுக் காட்டினார். நான்கு விரலும் உள்ளே போயிற்று. மூடியும் வழவழவென்று தேய்ந்த வார்ப்பிரும்பு. மழை நாளில் திரும்பும்போது வண்டி குழிக்குள் இறங்கி, ஈர இரும்பின் மேல் ஏறி, மறுபடி விளிம்பில் இடிக்க வேண்டும். போன மழையில் அங்கே விழுந்தவர்கள் வேகமாகப் போகவில்லை, சாதாரணமாகத் திரும்பியவர்கள்தான்.

அதனால் வளைவுகளில் இருந்த மூடிகளை எல்லாம் எடுத்துவிட்டு, மேற்பரப்பு சொரசொரப்பான கான்கிரீட் மூடிகளைச் சாலை மட்டத்துக்கே உயர்த்திப் பதித்திருக்கிறோம். இந்த மூடிகள் எடை தாங்கும் திறனை வைத்துத் தரம் பிரிக்கப்படுகின்றன. நம்மிடம் தண்ணீர் லாரி வருவதால் 20 டன் தரத்துக்குக் குறைந்ததை வாங்கவில்லை. சுற்றியுள்ள சிமென்ட் வளையம் இறுகும்வரை தடுப்பு வைத்திருந்தோம். அதை யாரோ இரவில் நகர்த்திவிட்டுப் போனதால் ஒரு வளையத்தை உடைத்து இரண்டாம் முறை போட வேண்டியதாயிற்று. யார் என்று விசாரிக்கவில்லை. அந்தச் செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது.

செலவில் பெரும்பகுதி மில்லிங்குக்குப் போனது, அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுப்பதற்கு. சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் சாலை உயரும், வீடு தாழும். மழை வெள்ளம் வீட்டுக்குள் வரும் சென்னை வேளச்சேரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மில்லிங் செய்த தரையில் நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் விழும். கார் அதில் கடகடவென்று சத்தம் போடும், அவ்வளவுதான். டூவீலரில் ஹேண்டில்பாரை யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். சுரண்டிய பகுதிக்கும் சுரண்டாத பகுதிக்கும் நடுவே நிற்கும் படி இன்னும் மோசம். நேர்க்குத்தாக ஏறினால் பிரச்சினை இல்லை. ஓரமாகவே வந்து மெல்ல ஏறப் பார்த்தால் டயர் அந்த விளிம்பை ஒட்டியே ஓடும், ஆள் சாய்ந்துவிடுவார். இந்தக் காரணத்தால்தான் ஒரே நேரத்தில் எல்லாத் தெருவையும் சுரண்ட கான்ட்ராக்டரை அனுமதிக்கவில்லை. ஒரு தெருவைச் சுரண்டி, தார் போட்டு முடித்த பிறகே அடுத்த தெரு. வேலை இழுத்துக்கொண்டே போகிறதே என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு இதுதான் பதில்.

நடுவிலிருந்து ஓரத்துக்கு மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டர் சரிவு கொடுத்திருக்கிறோம். தாருக்குச் சத்துரு தண்ணீர். விரிசல் வழியே இறங்கி, சக்கரம் ஏற ஏற ஜல்லியைத் தனியாகப் பிரித்துவிடும். மழைநீர் வடிகால் கம்பிச் சட்டங்களில் கம்பிகள் வண்டி போகிற திசையிலேயே இருந்தன. பிள்ளைகளின் சைக்கிள் டயர் சிக்காதபடி குறுக்காகத் திருப்பி வைத்தாயிற்று.

வேகத்தடை விஷயத்துக்கு வருவோம். பழைய இரண்டும் மிச்சத் தாரைக் குவித்துப் போட்டவை. ஸ்கூட்டரின் அடிப்பாகம் தட்டும், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வரும் பெண்கள் தூக்கிப்போடப்படுவார்கள். சாலைத் தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் ஐஆர்சி 99 வழிகாட்டி, 1988 பதிப்பில், சொன்ன அளவு 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் தாண்டுவதற்கானது. அப்படியே போட்டிருக்கிறோம். "இதெல்லாம் ஒரு ஸ்பீட் பிரேக்கரா, யாருமே பிரேக் போட மாட்டாங்க" என்ற கருத்தும் பதிவாகியிருக்கிறது. முதுகெலும்பை முறிப்பது வேகத்தடையின் வேலை அல்ல என்பது குழுவின் கருத்து. அதன்மேல் வெள்ளைப் பட்டைகளை மெல்லியதாக, இடைவெளி விட்டு அடித்ததற்கும் காரணம் உண்டு. உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக் பெயின்டில் தூவும் கண்ணாடி மணிகள் இரவில் பளிச்சிடுவதற்கே. நனைந்தால் பெயின்ட் வழுக்கத்தான் செய்யும்.

அப்புறம், தாராலும் சிமென்டாலும் தீராத சில. நாவல் மரத்தடியில் சீசனில் பழம் நசுங்கி வழவழத்துக் கிடக்கிறது; அந்த வாரங்களில் காலை, மாலை இரு வேளையும் பெருக்கச் சொல்லியிருக்கிறோம். வண்டி நிறுத்துமிடத்தில் ஆயில் சிந்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது பரவத்தான் செய்யும். வாட்ச்மேன் அறையில் மரத்தூள் மூட்டை இருக்கிறது. பல நாள் காய்ந்த சாலையில் முதல் மழை விழும்போது படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து வழுக்குவதும் இதே சங்கதிதான். ஆயுத பூஜைக்குச் சுற்றிப்போடும் பூசணிக்காயைச் சந்திப்பில் உடைத்துவிட்டுப் போகாமல், கேட் அருகே வைக்கப்படும் தொட்டிக்குள்ளேயே உடைக்கவும். பொங்கலுக்கு வளைவில் எனாமல் பெயின்டில் கோலம் போட வேண்டாம் என்று முடிவு செய்ததில் குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. கோலப்பொடிக்கு ஆட்சேபணை இல்லை, மறுநாள் கூட்டினால் போய்விடும்.

இன்னும் முடியாமல் நிற்கும் வேலை வளாக கேட்டுக்கு வெளியே இருக்கிறது. குழாய்க்காகக் குறுக்கே வெட்டிய பள்ளத்தை மண் போட்டு மூடியதோடு ஒரு துறை போய்விட்டது. ஒவ்வொரு மழைக்கும் மண் அமிழ்கிறது. அது நம் சாலை அல்ல என்பதால் சங்கப் பணத்தில் தார் போட முடியாது; படங்களுடன் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். சாலைத் தரத்தைப் பேணாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறது. அதையும் மனுவில் குறிப்பிட்டோம். பள்ளத்தைச் சரிசெய்யும்வரை இரவில் ஒளிரும் தடுப்பு ஒன்று அங்கே நிற்கும். தயவுசெய்து யாரும் நகர்த்த வேண்டாம்.

கான்ட்ராக்டருக்குத் தர வேண்டிய தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருக்கிறோம். மழைக்காலம் முடிந்ததும், ஜனவரியில், அதே மட்டக்கோலோடு ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகே அது கொடுக்கப்படும். எங்காவது மூடி அமிழ்ந்தாலோ ஜல்லி பெயர்ந்தாலோ, தேதியும் இடமும் போட்டு அலுவலகப் பதிவேட்டில் எழுதிவையுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அதை வைத்துப் பணத்தைப் பிடிக்க முடியாது.

இப்படிக்கு,
சாலைப் பணிக் குழு