காலோவே சரளைத் தடம்: இன்னும் 6,600 பவுண்டு வேண்டும், ஆகஸ்ட் 22 கடைசி நாள்

அன்புடையீர், வணக்கம்.

ஸ்காட்லாந்தின் காலோவே வனப் பூங்காவில், கிளாட்டரிங்ஷாஸ் நீர்த்தேக்கத்துக்குத் தெற்கே, இரண்டு காட்டுச் சாலைகளை இணைக்கும் 400 மீட்டர் மிதிவண்டிச் சரளைத் தடத்தைச் சென்ற குளிர்கால மழை ஐந்து இடங்களில் அரித்துக்கொண்டு போய்விட்டது. சீரமைப்புக்கு 22,500 பவுண்டு தேவை. கையில் 15,900 இருக்கிறது. மீதி 6,600 பவுண்டு ஆகஸ்ட் 22-க்குள் சேர்ந்தாக வேண்டும்.

இந்த அவசரத்துக்கு மீன்தான் காரணம். அக்டோபரில் சால்மனும் ட்ரௌட்டும் முட்டையிட ஓடை ஏறத் தொடங்கிவிடும். அதன் பிறகு மே முடியும் வரை ஓடைப் படுகையில் யாரும் மண் கலக்கக் கூடாது. தடத்துக்கு அடியில் தண்ணீரைக் கடத்திவிடும் ஏழு குறுக்குக் குழாய்களை நாம் மாற்ற வேண்டும், அவற்றில் மூன்று ஓடைகளின் மேலேயே இருக்கின்றன. அதனால் செப்டம்பர் 7 முதல் 18 வரை பத்து வேலைநாள்களுக்கு ஜேசிபி பேசி வைத்திருக்கிறோம். குவாரியில் முன்பணம் கட்டினால்தான் ஜல்லி லாரி புறப்படும். இதைத் தவறவிட்டால் அடுத்த ஜூன்தான். நடுவில் வரும் குளிர்காலத்தை இந்தத் தடம் தாங்காது. தடம் போய்விட்டால் மிதிவண்டியில் வருகிறவர்கள், குழந்தைகள் உட்பட, மரலாரிகள் விரையும் ஏ712 நெடுஞ்சாலையில்தான் இறங்கியாக வேண்டும்.

இந்த மண் சாதாரண மண் அல்ல. 1307-இல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் தன்னைத் தேடி வந்த ஆங்கிலப் படையைக் கிளென் ட்ரூல் பள்ளத்தாக்கில் முறியடித்தார். மலைச்சரிவிலிருந்து பாறைகளை உருட்டிவிட்டு வென்றார் என்று இவ்வூர்ப் பெரியவர்கள் இன்றும் மார்தட்டிச் சொல்வார்கள். லோக் ட்ரூல் ஏரிக்கு மேலே அவர் பெயரால் நிற்கும் பெரிய கல்லைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. அதே ஏரியின் மேற்குக் கோடியில், கால்டன்ஸ் காட்டுக்குள், 1685-இல் இறைவழிபாட்டில் இருந்தபோதே கொல்லப்பட்ட ஆறு பேரின் நினைவிடம் இருக்கிறது. தாம் நம்பிய வழிபாட்டைக் கைவிட மறுத்ததே அவர்கள் செய்த குற்றம். எந்தச் சமயத்தவரானாலும் அங்கே ஒரு நிமிடம் கைகூப்பி நின்றுவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். 1930-களில் டீ ஆற்றை மறித்து, நீர்மின் திட்டத்துக்காகக் கிளாட்டரிங்ஷாஸ் நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. 1947-இல் வனப் பூங்கா வந்தது. 2009-இல் பிரிட்டனின் முதல் இருண்ட வானப் பூங்கா (விளக்கொளி குறைவாக இருப்பதால் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இடம்) என்ற பெருமையும் இதற்கே கிடைத்தது. ஊசியிலைக் காட்டுக்குள் போடப்பட்ட சாலைகள் மரம் ஏற்றிச் செல்லப் போடப்பட்டவை. அவற்றை ஏரியோரமும் ஹெதர் புதர் பூத்த மேட்டு நிலத்தோரமும் துண்டு துண்டாக இணைத்ததால்தான், கார் சத்தமே கேட்காமல் ஒரு நாள் முழுக்க மிதிக்க முடிகிறது.

2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவருக்கும் இந்த நிலத்தில் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் உரிமை தந்திருக்கிறது. ஆனால் உரிமை தந்த சட்டம் ஜல்லி கொட்டித் தராது.

தடம் கெட்டது எப்படி என்பதையும் நன்கொடையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தால் கெட்டது கொஞ்சம்தான், மீதியெல்லாம் தண்ணீரின் வேலை. இந்த மலைகளின் மேற்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. பழைய குழாய்கள் 150 மில்லிமீட்டர் அகலம்தான். ஸ்ப்ரூஸ் மரத்தின் ஊசியிலைகள் குழாய் வாயில் பாய் பின்னியதுபோல் அடைத்துக்கொள்ளும். ஒரு கிளை வந்து குறுக்கே விழுந்தால் போதும், தேநீர் நிறத்தில் வரும் சதுப்புநீர் தடத்தின் மேலேறி ஓடும். முதலில் மேலே பரப்பிய கிரஷர் டஸ்ட், அதாவது கல் உடைக்கும்போது வரும் பொடி, கரையும். பிடிப்பு இழந்த ஜல்லி உருளும். ஓட்டுபவர்கள் அதைத் தவிர்க்கப் பக்கத்துப் பாசிமேல் ஏறுவார்கள். பாசி கிழிந்தால் அடியில் இருப்பது பீட் எனும் மக்கிய செடிகொடிச் சதுப்பு, மிதித்தால் முழங்கால் வரை இறங்கும். இரண்டரை மீட்டர் தடம் ஏழு மீட்டர் சேறாகப் பரவியது இப்படித்தான்.

இந்த முறை 300 மில்லிமீட்டர் குழாய்கள் போடுகிறோம். நூற்றுக்கு மூன்று வாட்டம் (சரிவு) கொடுத்தால் வரும் மண்ணைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு குழாயின் மேல்வாயிலும் குழாய் மட்டத்துக்கு 300 மில்லிமீட்டர் கீழே வண்டல் குழி இருக்கும். குப்பை அதில் தங்கும், மண்வெட்டியால் அள்ளிவிடலாம். தடத்தின் மேற்பரப்புக்கு 40-க்கு 1 என்று பக்கவாட்டு வாட்டம். இது இல்லாமல் தட்டையாகப் போட்ட தடம் எதுவும் இந்த ஊரில் இரண்டு குளிர்காலம் தாண்டியதில்லை.

சதுப்பின் மேல் போகும் 120 மீட்டரில் தோண்டவே மாட்டோம். புல்வேரும் பாசியும் பின்னிய மேல்தோலுக்குத்தான் அங்கே வலு. அதை வெட்டினால் எத்தனை லோடு கொட்டினாலும் சதுப்பு விழுங்கிவிடும். மேல்தோலை அப்படியே விட்டு ஜியோடெக்ஸ்டைல் எனும், தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி விரித்து, விளிம்புகள் அரை மீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, அதன்மேல் கல்லைப் பிடித்து நிறுத்தும் ஜியோகிரிட் வலை போட்டு, பிறகே கல். தடம் மிதந்தபடி நிற்கும்.

கல்லைப் பற்றிச் சிலர் கேட்டார்கள், ஆற்றுக் கூழாங்கல் மலிவாகக் கிடைக்கிறதே என்று. கூழாங்கல் ஒன்றோடொன்று பூட்டாது, சக்கரம் புதையும். உடைத்த கருங்கல்தான் வேண்டும். அடியில் 40 மில்லிமீட்டர் வரையுள்ள ஜல்லி, ரோலர் போட்டபின் 150 மில்லிமீட்டர் கனம். மேலே 6 மில்லிமீட்டருக்குக் கீழான பொடிக்கல்லும் டஸ்ட்டும், ரோலருக்குப் பின் 50 மில்லிமீட்டர். மேலடுக்கு ஈரமாக இருக்கும்போதே ரோலர் ஓட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. காய்ந்து போடுகிற டஸ்ட் முதல் மழையிலேயே போய்விடும்.

கணக்கு இது. அடி ஜல்லி 315 டன், 8,190 பவுண்டு. மேலடுக்கு 105 டன், 3,360. ஏழு குழாய்களும் அவற்றின் வாயில் கல் கட்டும் வேலையும் 2,170. துணியும் வலையும் 2,100. ஜேசிபியும் டம்பரும் ஓட்டுநரோடு பத்து நாளுக்கு 6,200. ரோலர் வாடகை 480. குழு உறுப்பினர் யாருக்கும் இதில் ஒரு பென்னிகூடக் கிடையாது. ஒரு மீட்டர் தடத்துக்கு 56 பவுண்டு சொச்சம் ஆகிறது. துண்டு விழும் தொகை 117 மீட்டருக்கானது.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? பெயர் வேண்டாம் என்று சொல்லி ஓய்வூதியத்திலிருந்து பத்து மீட்டருக்குத் தந்த மூதாட்டி ஒருவர். மகளின் பிறந்தநாள் விருந்தைச் சுருக்கிக்கொண்டு இரண்டு குழாய்களை ஏற்ற கிளாஸ்கோக் குடும்பம். உண்டியல் சில்லறையைப் பையோடு கொண்டுவந்து கொடுத்த பிள்ளைகள். இங்கே மிதிவண்டி ஏறவே முடியாத வயதிலும், "பேரப் பிள்ளைகள் ஓட்டட்டும்" என்று மாதந்தோறும் அனுப்பும் பெரியவர்கள். குளிரில் கையுறை நனைய வாய்க்கால் தூர்வாரிய தொண்டர்கள். தடத்தை ஒட்டிய பண்ணையில் டம்பர் நிறுத்த இடம் கொடுத்த புண்ணியவான். உங்கள் எல்லோருக்கும் இறைவன் நீண்ட ஆயுளையும் உடல்நலத்தையும் தரட்டும். 15,900 பவுண்டும் நீங்கள் சேர்த்தது.

மற்றவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறோம். கோடை ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடமில்லாத அளவுக்கு வருகிறோம். ஆயிரம், இரண்டாயிரம் பவுண்டு வண்டிகளில் வருகிறோம். புது டயர் ஒரு ஜோடிக்கு யோசிக்காமல் கொடுக்கும் பணம், இங்கே ஒரு மீட்டருக்கு மேல் தடம் போடும். வழிப்போக்கருக்காகச் சுமைதாங்கி நட்டவர்களின் பிள்ளைகள் நாம், யாரோ போட்ட பாதையில் ஓட்டிவிட்டுப் போவது அழகா? இருக்கிறவர்கள் ஒரு மீட்டர் ஏற்றுக்கொள்ளுங்கள். இயலாதவர்கள் ஐந்து பவுண்டு கொடுங்கள், அதுவும் ஜல்லிதான்.

பிரிட்டனில் வருமான வரி கட்டுகிறவர்கள் கிஃப்ட் எய்டு படிவத்தில் கையெழுத்திடத் தவற வேண்டாம். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் வரித்துறை 25 பென்ஸ் சேர்த்துத் தரும். எல்லோரும் கையெழுத்திட்டால் 5,280 பவுண்டே போதும், மீதி 1,320 வரித்துறையிலிருந்து வரும். அந்தப் பணம் வரச் சில வாரங்களாகும் என்பதால் படிவத்தைப் பணத்தோடு சேர்த்தே பொருளாளரிடம் தாருங்கள். ரசீது உடனே கிடைக்கும்.

வேலை முடியும் வரை சேற்றில் ஓட்ட வேண்டாம். இறங்கி, தடத்தின் நடுவிலேயே தள்ளிக்கொண்டு போங்கள், ஓரப் பாசியில் கால் வைக்க வேண்டாம். வீடு திரும்பும் முன் டயர், செருப்பு மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். லார்ச் மரங்களைக் கொல்லும் ஃபைட்டாப்தோரா நோய் சேற்றோடும் அடுத்த காட்டுக்குப் போகிறது. இந்த வட்டாரத்தில் அதற்காகவே ஏராளமான லார்ச் வெட்டப்பட்டுவிட்டது.

தொகை முழுதாகச் சேராவிட்டால் சதுப்பின் மேல் போகும் 120 மீட்டரை விட்டுவிட்டு மீதியை மட்டும் போட வேண்டியிருக்கும். கூடுதலாகச் சேர்ந்தால் அது குழாய் வாய்களைத் தூர்வாரும் வருடாந்தரச் செலவுக்குப் போகும். செப்டம்பர் 19 சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஓரங்களில் மண்ணோடு வெட்டிய புல்துண்டுகள் பதிக்க இருபது பேர் தேவை. மண்வெட்டி நாங்கள் தருகிறோம், மழைச்சட்டையும் மதிய உணவும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
தடப் பராமரிப்புக் குழுவினர்