கரும்பலகைக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

ஊர் மக்களுக்கு வணக்கம்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல்கடை வைத்திருக்கிறவள் எழுதுகிறேன். நூலக வாசலில் இருக்கும் கரும்பலகையில் 2024 ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 வரை ஒரு நாள்கூட விடாமல் எழுதி முடித்துவிட்டோம். அன்றைய தேதியில் பிறந்தவர் அல்லது மறைந்தவர் பெயர், ஊர், ஆண்டு, அப்புறம் அவர் செய்த காரியம் பற்றி நான்கு வரி. லீப் ஆண்டு என்பதால் 366 நாள். பலகையில் இருப்பது என் கையெழுத்து என்பதால் கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்னைப் பாராட்டுகிறார்கள். கேட்கும்போது கூச்சமாக இருக்கிறது. எனக்கு வந்த பாராட்டில் பெரும்பங்கு வேறு ஆட்களுக்குப் போய்ச் சேர வேண்டியது. அதைச் சேர்க்கத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டார்கள், ஆகவே யார் பெயரும் இல்லை. அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி நூலகர் அக்காவுக்கு. 2023 டிசம்பர் கடைசியில் தைத்த ரவிக்கையை வாங்க வந்தவர், நான் அளவு எழுதும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கையெழுத்து நோட்டுக்குள்ளேயே கிடக்கணுமா?" என்று கேட்டார். அப்படித்தான் தொடங்கியது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளை அலமாரி அலமாரியாகக் கூட்டிப்போய், எந்தப் புத்தகத்தில் எதைத் தேடலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆகஸ்ட் 12 அன்று சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதனைப் பற்றி எழுதியபோது, 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கு அவர் பட்ட பாட்டை அக்கா சொல்லக் கேட்டேன். நம் ஊரில் காசில்லாமல் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இருப்பதற்குப் பின்னால் இப்படி ஒருவர் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

பலகை வெளுத்துக் கிடந்தது. விளம்பரப் பலகை எழுதும் அண்ணன் கரியை அரைத்து, ஊமத்தை இலைச் சாறு விட்டு இரண்டு முறை பூசிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. மழைக்காலத்தில் மேலே தகரம் அடித்ததும் அவர்தான்.

முதல் நாள் யாரை எழுதுவது என்று தெரியாமல் நின்றபோது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் பெரியவர் வந்தார். "பிள்ளை, எங்கட ஊர் ஆள் ஒருத்தரை எழுதுவமோ?" என்று மெதுவாகக் கேட்டார். சி.வை.தாமோதரம்பிள்ளை. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, 1901 ஜனவரி 1 அன்று சென்னையில் மறைந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டம் கொடுத்த இருவரில் ஒருவர். ஏட்டுச்சுவடியாகக் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர். அதே ஆண்டில்தான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்று பெரியவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பலகை முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஊரைவிட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆனவர். ஐயா, ஜூலை 19 அன்று விபுலானந்த அடிகளைப் பற்றி நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியதும் எனக்கு மறக்காது. காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, பழைய யாழ்களை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதி, அது அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தவர். உங்களால்தான் பலகை கடல் தாண்டிப் போனது.

மூன்றாம் நாளே சிக்கல் வந்தது. ஜனவரி 3 வேலு நாச்சியார் பிறந்த நாள், கட்டபொம்மன் பிறந்த நாள், சாவித்ரிபாய் பூலே பிறந்த நாள். எங்கள் ஆள் பெயரைப் பெரிதாகப் போடு என்று சில தம்பிகள் வந்து நின்றார்கள். டீக்கடை அண்ணன் நடுவில் வந்து, எல்லோருக்கும் டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசினார். யார் பெயரானாலும் ஒரே அளவு எழுத்து என்று அன்று முடிவானது, வருஷம் முழுக்க அப்படியே நடந்தது. சத்தம் போட்ட தம்பிகளில் ஒருவர்தான் பிறகு பலகைக்கு விளக்கு மாட்டிக் கொடுத்தார். அவருக்கும் நன்றி.

சாவித்ரிபாயைப் பற்றி எனக்கு ஒரு வரி போதவில்லை. 1848இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தப் போனவர் மேல் வழியில் சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். பையில் இன்னொரு சேலை வைத்துக்கொண்டு போய், பள்ளிக்கூடத்தில் மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். துணியோடு காலம் தள்ளுகிறவள் நான். அந்த இரண்டாவது சேலையை நினைத்தால் இப்போதும் கண் கலங்குகிறது. 1897 மார்ச் 10 அன்று, பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து அதே நோயில் போனார்.

ஜனவரி 15க்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை, ஊரே எழுதியது என்றுதான் சொல்ல வேண்டும். பென்னிகுவிக் பிறந்த நாளும் பொங்கலும் அந்த வருஷம் ஒரே தேதியில் வந்தன. மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்ப அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறந்தது. அந்தத் தண்ணீரில்தான் நாம் இரண்டு போகம் பார்க்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் இதைச் சொல்லித்தர ஆள் வேண்டாம். பலகைக்குக் கீழேயே பெண்கள் பொங்கல் வைத்தார்கள். அவர் மறைந்தது 1911 மார்ச் 9 என்பது மட்டும் பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஜனவரி 30 அன்று காந்தியோடு வள்ளலாரையும் எழுதினேன். மேட்டுக்குப்பத்தில் அவர் அறைக்குள் போய்த் திருக்காப்பிட்டுக்கொண்டது 1874 ஜனவரி 30. பூசம்தோறும் கஞ்சி ஊற்றும் பாட்டி அதைப் பார்த்துவிட்டு, "பூசம் போய் அஞ்சு நாள் ஆச்சே தாயி, இன்னைக்கு எழுதுறியே" என்று வருத்தப்பட்டார். அந்த வருஷம் தைப்பூசம் 25ஆம் தேதியே முடிந்திருந்தது. நாம் பெரியவர்களை நட்சத்திரத்திலும் திதியிலும் நினைத்த ஜனங்கள், ஆங்கிலத் தேதி நடுவில் வந்த பழக்கம். பாட்டி சொன்னதில் நியாயம் இருந்தது. அதிலிருந்து குருபூசை, நட்சத்திரம் பார்த்துக் கொண்டாடப்படுகிறவர்களை அந்த நாளிலும் ஒரு வரி எழுதினோம். பாட்டி, நீங்கள் கோபித்துக்கொண்டு போகாமல் நின்று சொன்னதற்கு நன்றி.

இனி, எனக்கு ரொம்ப முக்கியமான நாள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் கடைக்கு வந்தார்கள். "அக்கா, ஜனவரியில நீங்க எழுதுன பொம்பளைங்களை விரல் விட்டு எண்ணிடலாம்" என்றார்கள். எண்ணிப் பார்த்தேன், உண்மைதான். அப்படியானால் நீங்களே தேடிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்கள். பிப்ரவரி 7, கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் மறைந்த நாள். ஜூன் 27, தேவதாசி முறையை எதிர்த்து ஊர் ஊராகப் போன மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மறைந்த நாள். இப்படி நோட்டு நிறைந்தது.

அந்த நோட்டில் பிப்ரவரி 22க்கு நேரே ஒரே பெயர் இரண்டு முறை இருந்தது. தவறு என்று நினைத்து அடிக்கப் போனேன். இல்லை அக்கா, சரிதான் என்றார்கள். தில்லையாடி வள்ளியம்மை. பிறந்தது 1898 பிப்ரவரி 22, ஜோகன்னஸ்பர்க். மறைந்தது 1914 பிப்ரவரி 22. பதினாறு முடிந்த அன்றே போய்விட்டாள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று 1913இல் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் சொன்னதும் பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். வள்ளியம்மை தாயோடு சேர்ந்து போய், மூன்று மாதக் கடுங்காவல் வாங்கி, காய்ச்சலோடு வெளியே வந்தாள். சிறைக்குப் போனதில் வருத்தமா என்று காந்தி கேட்டபோது, இப்போது பிடித்தாலும் போவேன் என்றாள். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர். துணி எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெயரை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். யாரென்று ஒரு தடவைகூட கேட்டதில்லை.

அன்று பலகையில் எழுதியது நான் இல்லை, அந்த நான்கு பிள்ளைகள். மேலே பிறந்த நாள், கீழே நினைவு நாள், நடுவில் ஒரு கோடு. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து படித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் என்பதை யாரோ சொல்ல, கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த தீபாவளிக்கு உங்கள் நான்கு பேர் பாவாடை சட்டையும் என் பொறுப்பு.

ஜூலை 30 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் அந்த நாளில் புதுக்கோட்டையில் பிறந்தார், 1968இல் ஜூலை 22 அன்று மறைந்தார். இரண்டு நாளும் எட்டு நாள் இடைவெளியில் வருகின்றன. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், பல வருஷம் போராடி 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். இதை எழுதிவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். திராட்சைத் தோட்டத்து அண்ணன் ஒருவர் கடை வாசலில் வந்து நின்றார். "எங்கம்மா அங்கதான் வைத்தியம் பார்த்து எட்டு வருஷம் கூட இருந்துச்சு. யாரு கட்டுனதுன்னு இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். மறுநாள் ஒரு பெட்டி நிறைய சாக்பீஸ் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். டிசம்பர் வரை அதில்தான் எழுதினோம்.

செப்டம்பர் 5 என்றால் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தினம், ராதாகிருஷ்ணன் பிறந்த நாள். வ.உ.சி. ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்ததும் அதே தேதிதான், அது அந்தக் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போகிறது. மரச்செக்கு வைத்திருக்கும் மாமாவிடம் போய், கோயம்புத்தூர் சிறையில் அவர் இழுத்த செக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டேன். மாமா வாயால் சொல்லவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு, என்னையும் இரண்டு பையன்களையும் நுகத்தடியைப் பிடித்துத் தள்ளச் சொன்னார். மூன்று பேர் சேர்ந்து ஒரு சுற்று வருவதற்குள் மூச்சு வாங்கியது. கப்பல் விட்ட மனிதர் அதைத் தனியாக, வெயிலில் இழுத்திருக்கிறார். அன்றைக்குப் பலகையில் எழுதிய நான்கு வரியை என் தோள்வலியோடுதான் எழுதினேன். மாமா, நன்றி.

அதே மாதம் பாரதி. செப்டம்பர் 11 என்று எழுதியிருந்தேன், அரசும் அன்றுதான் மகாகவி நாள் அனுசரிக்கிறது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஐயா காலை நடைக்கு வந்தவர் நின்று படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். திருவல்லிக்கேணி வீட்டில் பாரதியின் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கு, ஆகவே தேதி 12 என்று காட்டினார். "முப்பத்தெட்டு வயசு வாழ்ந்தவருக்கு ஒன்றரை மணி நேரத்தையும் நாம பிடுங்கிக்கக் கூடாதும்மா" என்று சொன்னார். இரண்டு நாளும் எழுதினோம், காரணத்தையும் எழுதினோம். அந்த 12 தாமோதரம்பிள்ளை பிறந்த நாளும்கூட. முகாம் ஐயாவும் ஆசிரியர் ஐயாவும் அன்று பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசத் தொடங்கியவர்கள் இன்று வரை தினமும் பேசுகிறார்கள்.

ஆசிரியர் ஐயா வருஷம் முழுக்கக் காலை ஆறரைக்கு வந்து ஒற்றுப்பிழை பார்த்தார். அக்டோபர் 2இல் காந்தியோடு நிறுத்திவிடாதே, காமராஜர் கண் மூடிய நாளும் அதுதான் என்று முந்தின நாளே நினைவூட்டியவரும் அவர்தான். சந்தேகமானதைப் பலகையில் ஏற்றாதே என்று அவர் போட்ட கட்டுப்பாட்டுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த நான்கு நாள் எழுதிய கண்டக்டர் தம்பிக்கும், தினம் சாயங்காலம் பலகையை ஈரத்துணியால் துடைத்த பரோட்டாக்கடைப் பையனுக்கும், தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பலகையைப் படம் எடுத்து அனுப்பிய அம்மாக்களுக்கும் நன்றி. தைக்கக் கொடுத்த துணி தாமதமானபோது பொறுத்துக்கொண்ட எல்லோருக்கும் நன்றி.

இந்த ஆண்டும் பலகை உண்டு. திங்கள், வியாழன் பிள்ளைகள் எழுதுவார்கள், மற்ற நாள் நான். ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. போன வருஷம் பிப்ரவரி 29 அன்று இரண்டு பேரை எழுதினோம், மொரார்ஜி தேசாயும் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேலும். குடியரசுத் தலைவராக வாருங்கள் என்று 1977இல் பிரதமராக இருந்த மொரார்ஜி கேட்க, ருக்மிணி தேவி வேண்டாம் என்றார். இருவரும் ஒரே அபூர்வத் தேதியில் பிறந்தவர்கள் என்று பிள்ளைகளுக்கு அத்தனை சந்தோஷம். 2025இல் அந்தத் தேதி கிடையாது. பேசி முடிவெடுத்துவிட்டோம். ருக்மிணி தேவியை அவர் மறைந்த பிப்ரவரி 24 அன்றும், மொரார்ஜியை ஏப்ரல் 10 அன்றும் எழுதுகிறோம். 24ஆம் தேதி திங்கட்கிழமை, பிள்ளைகளின் முறை. காலை ஆறரைக்கு எழுதத் தொடங்குவார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள், டீ என் செலவு.

நன்றியுடன்,
எதிர்க்கடைத் தையல்காரி